தவறு எந்தக் கட்டில்?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

"உங்கள் துறை பற்றிப் பேசுங்கள், ஆனால் சிவில்காரருக்கும் புரிகிற மாதிரி பேசுங்கள்" என்று செயலாளர் கட்டளை போட்டிருக்கிறார். நியாயமான கட்டளைதான். ஆகவே நிறுவனம், சம்பளம், வெளிநாட்டு வாய்ப்பு இதையெல்லாம் பேசப் போவதில்லை. ஒரே ஒரு விஷயம். பல நூறு கணிப்பொறிகள் சேர்ந்து ஒரு கணக்கைப் போடுகின்றன. விடை தவறாக வருகிறது. அந்தத் தவறை எங்கே போய்த் தேடுவது?

இங்கே உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளில் பாதிப் பேராவது இன்னும் இரண்டு, மூன்று வருடத்தில் இந்தக் கேள்வியோடு ராத்திரி கண்விழிக்கப் போகிறீர்கள். மற்றவர்களும் கேட்கலாம். உங்கள் மின்கட்டணம், வங்கிக் கணக்கு, ரயில் டிக்கெட், தேர்வு முடிவு எல்லாம் இன்று ஏதோ ஓர் இடத்தில் இப்படிப் பல இயந்திரங்கள் பங்கு போட்டுச் செய்யும் கணக்காகத்தான் இருக்கிறது.

விடைத்தாள் திருத்தும் முகாம்

நம் ஊரில் கல்லூரி வாசலை மிதித்தவர் எவருக்கும் விடைத்தாள் திருத்தும் முகாம் தெரியும். ஒரு லட்சம் விடைத்தாள். ஒரே பேராசிரியர் உட்கார்ந்து திருத்தினால் அடுத்த வருடத் தேர்வே வந்துவிடும். அதனால் கட்டுக் கட்டாகப் பிரித்து, ஆளுக்கு ஒரு கட்டு என்று கொடுக்கிறார்கள். ஒருவர் தன் கட்டைத் திருத்துவதற்கும் பக்கத்து மேசைக்காரர் திருத்துவதற்கும் சம்பந்தமில்லை. இது முதல் கட்டம்.

திருத்தி முடித்ததும் மதிப்பெண்கள் பாடவாரியாக இருக்கும். மாணவனுக்கு வேண்டியதோ மொத்தம். கணக்கு ஒரு முகாமில், இயற்பியல் இன்னொரு முகாமில் என்று சிதறிக் கிடக்கும் மதிப்பெண்களைப் பதிவு எண் வாரியாகப் பிரித்து, ஒரு மாணவனுக்கு உரியதெல்லாம் ஒரே மேசைக்கு வந்து சேரும்படி செய்ய வேண்டும். இது இரண்டாம் கட்டம். அங்கே கூட்டிப் போடுவது மூன்றாம் கட்டம்.

இவ்வளவுதான் விஷயம். கூகிள் நிறுவனத்தின் ஜெஃப் டீன், சஞ்சய் கெமாவத் இருவரும் 2004 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோ மாநாடு ஒன்றில் வெளியிட்ட கட்டுரை இந்த முறைக்கு 'மேப்ரெட்யூஸ்' என்று பெயர் வைத்தது. கட்டைத் திருத்துவது மேப், பதிவு எண் வாரியாகப் பிரித்து அனுப்புவது ஷஃபிள், கூட்டுவது ரெட்யூஸ். அதைப் படித்து டக் கட்டிங் முதலானோர் எல்லோரும் இலவசமாகப் பயன்படுத்தும்படி எழுதியது ஹடூப். கட்டிங்கின் மகன் வைத்திருந்த மஞ்சள் நிற பொம்மை யானையின் பெயர் அது. பின்னால் 2009-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மாட்டெய் ஸஹாரியா தொடங்கியது ஸ்பார்க். பெயர் மாறினாலும் முகாம் அதே முகாம்தான்.

அந்த 2004 கட்டுரையில் ஒரு சோதனை வரும். சுமார் 1,800 கணிப்பொறிகள் இருந்த ஒரு கூட்டத்தில், ஒவ்வொன்றும் 100 பைட் உள்ள ஆயிரம் கோடி ரெக்கார்டுகளை வரிசைப்படுத்தினார்கள். 891 வினாடியில் முடிந்தது. பதினைந்து நிமிடம்கூட இல்லை. பிறகு வேண்டுமென்றே ஒரு குறும்பு செய்தார்கள். வேலை ஓடிக்கொண்டிருக்கும்போதே 1,746 வேலையாட் புரோகிராம்களில் 200-ஐக் கொன்றுவிட்டார்கள். என்ன ஆயிற்று? 933 வினாடி. வெறும் 5 சதவீதம் அதிகம். 200 பேர் பாதியில் எழுந்து போயும் முகாம் சரியாக முடிந்தது, ஏனென்றால் அவர்கள் கட்டுகளை மற்றவர்களிடம் கொடுத்து மறுபடி திருத்த வைத்துவிடுகிறது அந்த ஏற்பாடு.

கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? தவறு தேடுகிறவனுக்கு இந்த வரமே சாபம். விழுந்ததைத் தானே எடுத்து நிறுத்திக்கொள்ளும் இயந்திரம், தான் விழுந்ததை உங்களிடம் வந்து சொல்லாது.

சத்தம் போடும் தவறுகள்

தவறுகளை நான் இரண்டு ஜாதியாகப் பிரிப்பேன். சத்தம் போடும் தவறு, சத்தம் போடாத தவறு. சத்தம் போடுவது நல்ல ஜாதி. வேலை நின்றுபோகும், திரை முழுக்கச் சிவப்பு எழுத்து வரும். பயம் வேண்டாம்.

முதலில் குழப்புவது, தவறு ஓரிடம், கூச்சல் வேறிடம் என்பது. ஸ்பார்க் ஒரு சோம்பேறி. "இந்தக் கோப்பைப் படி, இந்த நெடுவரிசையைத் தேதியாக மாற்று, இதை வடிகட்டு" என்று பத்து வரி எழுதினால், "சரிங்க, சரிங்க" என்று தலையாட்டிக் குறித்துக்கொள்ளுமே தவிர ஒன்றையும் செய்யாது. கடைசியில் "எத்தனை இருக்கிறது, எண்ணு" என்று கேட்டால்தான் எழுந்து வேலையைத் தொடங்கும். மூன்றாம் வரியில் இருக்கும் ஓட்டை பதினோராம் வரியில் வெடிக்கும். புதிதாக வந்தவர் பதினோராம் வரியையே ஒரு நாள் முழுக்க முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். எனவே சந்தேகம் வந்தால் நடுவில் இரண்டு இடத்தில் எண்ணச் சொல்லுங்கள். எந்த இடம் வரை நலம் என்று தெரிந்துவிடும். கண்டுபிடித்ததும் அந்த எண்ணலை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் முழு வேலையும் மறுபடி நடக்கும்.

அடுத்தது, நாம் போடும் பிரின்ட் எங்கே போகிறது? வகுப்பில் நாம் கற்ற ஒரே வைத்தியம் அதுதானே! புரோகிராமில் பத்து இடத்தில் பிரின்ட் போட்டுப் பார்ப்போம். இங்கே போட்டால் திரையில் ஒன்றும் வராது. நீங்கள் உட்கார்ந்திருப்பது தலைமைத் தேர்வாளரின் அறை. பிரின்ட் ஓடுவது எங்கோ ஒரு மேசையில். எழுதியது அந்த மேசையின் குறிப்பேட்டில், அதாவது அந்த இயந்திரத்தின் லாகில் கிடக்கும். அங்கே போய்த்தான் படிக்க வேண்டும். அதே காரணத்தால்தான் இன்னொரு விந்தையும் நடக்கிறது. "மோசமான ரெக்கார்டு எத்தனை என்று எண்ண ஒரு வேரியபிள் வைத்தேன், கடைசியில் பூஜ்யம் என்கிறது" என்பார்கள். நீங்கள் வைத்த வேரியபிளின் நகல்தான் ஒவ்வொரு மேசைக்கும் போகிறது. அவரவர் நகலில் கூட்டிக்கொள்கிறார்கள், உங்கள் அறையில் இருப்பது பூஜ்யமாகவே இருக்கிறது. சொந்த லேப்டாப்பில் ஓட்டும்போது சில சமயம் இது சரியாகக்கூட வந்து தொலைக்கும். அதனால்தான் "சார், என் மெஷின்ல ஓடுது சார்" என்ற வாக்கியம் பிறந்தது.

மூன்றாவது, ஒரே ஒரு கெட்ட ரெக்கார்டு. கோடிக்கணக்கான வரிகளில் ஒன்றில் தேதி இருக்க வேண்டிய இடத்தில் 'இல்லை' என்று யாரோ எழுதியிருப்பார். அந்தக் கட்டு தோற்கும். ஏற்பாடு என்ன செய்யும்? இயந்திரம் பழுது என்று நினைத்து, கட்டை இன்னொருவரிடம் கொடுக்கும். அவரும் தோற்பார். ஸ்பார்க்கில் இயல்பாக 4 முறை தோற்றால் மொத்த வேலையும் நிறுத்தப்படும். இங்கே ஒரு பாடம். நாலு தடவையும் ஒரே கட்டு, வேறு வேறு இயந்திரத்தில் தோற்றால், கோளாறு சரக்கில். வேறு வேறு கட்டுகள், ஒரே இயந்திரத்தில் தோற்றால், கோளாறு இயந்திரத்தில். லாகில் வேறெதையும் படிக்கும் முன் இதை மட்டும் பாருங்கள், தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

டீனும் கெமாவத்தும் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். வேலையாள் சாகும் தறுவாயில், தான் கடைசியாகத் தொட்ட ரெக்கார்டின் வரிசை எண்ணை மேலாளருக்கு ஒரு சின்னச் செய்தியாக அனுப்பிவிட்டுச் சாவான். ஒரே எண் இரண்டாம் முறை வந்தால், "அதைத் தொடாதே, தாண்டிப் போ" என்று அடுத்தவனுக்கு உத்தரவு போகும். அழகான ஏற்பாடுதான். ஆனால் தாண்டியதைக் கணக்கு வைக்க வேண்டும். கெட்ட ரெக்கார்டைத் தூக்கிப் போடாதீர்கள், தனியாக ஒரு கோப்பில் போடுங்கள். காலையில் வந்ததும் அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள்.

நான்காவது, ஒரே மேசையில் மலை. 200 கட்டுகளில் 199 முடிந்துவிடும். ஒன்று மட்டும் மணிக்கணக்கில் ஓடும், கடைசியில் நினைவகம் போதவில்லை என்று விழும். எல்லோரும் சொல்லும் வைத்தியம், "இன்னும் பெரிய மெஷின் வாங்கு". வாங்குவதற்கு முன்னால் அந்தக் கட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நம் ஊர்த் தரவில் பெரும்பாலும் என்ன இருக்கும் தெரியுமா? 9999999999 என்ற தொலைபேசி எண். படிவத்தில் எண் கட்டாயம், வாடிக்கையாளர் சொல்லவில்லை, கவுண்டரில் இருப்பவர் ஒன்பதை அழுத்திவிட்டுப் போய்விட்டார். தொலைபேசி எண் வாரியாகப் பிரித்தால் அத்தனை பேரும் ஒரே மேசைக்கு வந்து நிற்பார்கள். இரண்டு பட்டியலை அந்த எண்ணை வைத்து இணைத்தால் இன்னும் விபரீதம். இந்தப் பக்கம் ஆயிரம், அந்தப் பக்கம் ஆயிரம் என்றால் பிறப்பது பத்து லட்சம் போலி ஜோடிகள். இதற்குப் பெரிய மெஷின் மருந்தா?

சத்தம் போடாத தவறுகள்

இனி இரண்டாம் ஜாதி. வேலை முடிந்தது, பச்சை விளக்கு எரிகிறது, 'வெற்றி' என்று செய்தி வருகிறது, விடை தவறு. என் பதினைந்து வருட அனுபவத்தில் எனக்குப் பயம் தருவது இது ஒன்றுதான்.

எளிதானதிலிருந்து தொடங்குகிறேன். ஒரு மேசையில் 40 தாள், சராசரி 60. இன்னொரு மேசையில் 10 தாள், சராசரி 40. மொத்தச் சராசரி என்ன? இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து 50 என்பார்கள். சரியான விடை 56. சராசரிகளைச் சராசரி செய்யக் கூடாது. மேசையிலிருந்து கூட்டுத்தொகையும் எண்ணிக்கையும் தனித்தனியாக வர வேண்டும். பள்ளிக்கூடப் பாடம்தான். ஆனால் வேகத்துக்காக ஒவ்வொரு மேசையிலும் முன்கூட்டியே பாதிக் கணக்கை முடித்து அனுப்பும் வசதி இருக்கிறது பாருங்கள், அதில் இந்தத் தவறு அடிக்கடி நுழையும். எந்த வரிசையில், எந்தக் குழுவாகச் சேர்த்தாலும் விடை மாறாத செய்கைகளை மட்டுமே அப்படிப் பங்கு போடலாம்.

"கூட்டல் அப்படிப்பட்டதுதானே?" என்பீர்கள். முழு எண்களில் ஆமாம். தசம எண்களில் கணிப்பொறி கொஞ்சம் ஏமாற்றும். 0.1, 0.2 இரண்டையும் முதலில் கூட்டிப் பிறகு 0.3 சேர்த்தால் வழக்கமான இரட்டைத் துல்லியக் கணக்கில் 0.6000000000000001 வரும். 0.2, 0.3 இரண்டையும் முதலில் கூட்டினால் 0.6 வரும். எந்த மேசை முதலில் முடிக்கும் என்பது தினம் மாறுவதால், நேற்றைய மொத்தமும் இன்றைய மொத்தமும் கடைசி இலக்கத்தில் ஒத்துப்போகாது. பணத்தைப் பைசாவாக, முழு எண்ணாக வையுங்கள். தணிக்கைக்காரரிடம் நின்று விளக்க வேண்டியிராது.

அடுத்தது, கொஞ்சம் நுட்பமானது. ஒரு மாணவனுக்கு உரியதெல்லாம் ஒரே மேசைக்குப் போக வேண்டும் என்றேன். எந்த மேசை என்று எப்படி முடிவாகிறது? பதிவு எண்ணை ஹாஷ் என்ற சூத்திரத்தில் போட்டு ஓர் எண் எடுக்கிறார்கள். எல்லா மேசைக்காரரும் ஒரே சூத்திரத்தில் ஒரே விடை எடுத்தால்தான் இது நடக்கும். ஜாவா மொழியில் ஈனம் என்று ஒரு வகை உண்டு. 'சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல்' மாதிரி குறிப்பிட்ட சில பெயர்கள் மட்டும் கொண்ட பட்டியல். அதன் ஹாஷ் இயந்திரத்துக்கு இயந்திரம் மாறக்கூடியது. அதைச் சாவியாக வைத்தால் 'சிவில்' என்பது இங்கிருந்து மூன்றாம் மேசைக்கும் அங்கிருந்து ஏழாம் மேசைக்கும் போகும். கடைசிப் பட்டியலில் சிவில் இரண்டு முறை வரும், இரண்டிலும் அரைகுறை மொத்தம். ஒரே இயந்திரத்தில் சோதித்தால் இது வரவே வராது! பைத்தானிலும் 2012-ல் வந்த 3.3 பதிப்பிலிருந்து எழுத்துச் சரங்களின் ஹாஷ் ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் மாறும். பாதுகாப்புக்காகச் செய்த மாற்றம். இது தெரிந்துதான் ஸ்பார்க், "விதை எண்ணை எல்லா இடத்திலும் ஒன்றாக வை, இல்லாவிட்டால் ஓட மாட்டேன்" என்று அடம் பிடிக்கிறது. அது அடம் அல்ல, உபகாரம். சத்தம் போடாத தவறைச் சத்தம் போடும் தவறாக மாற்றித் தருகிறது.

ஹடூப்பில் இன்னொன்று. ரெட்யூஸ் கட்டத்தில் மதிப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தரும்போது, நினைவகத்தை மிச்சம் பிடிக்க ஒரே பாத்திரத்தை மறுபடி மறுபடி நிரப்பித் தரும். வாங்கியதை ஊற்றி வைத்துக்கொள்ளாமல், "அந்தப் பாத்திரம்" என்று மட்டும் பத்து முறை குறித்து வைத்தால், கடைசியில் பத்தும் கடைசி மதிப்பாகவே இருக்கும். நகல் எடுத்து வைக்க வேண்டும்.

இன்னொரு பெரிய விஷயம், மறுபடி செய்வது. விழுந்த கட்டை இன்னொருவர் மறுபடி திருத்துவார் என்றேனே, திருத்துவது மட்டும் என்றால் தொல்லையில்லை. திருத்தும்போதே ஒவ்வொரு மாணவனுக்கும் தபால் போடு என்று எழுதியிருந்தால்? பாதிக் கட்டு முடித்து விழுந்தவர் பாதிப் பேருக்குத் தபால் போட்டிருப்பார். அடுத்தவர் மறுபடி எல்லோருக்கும் போடுவார். 'உங்கள் கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டது' என்ற செய்தி இரண்டு முறை வந்தால் ஒரு குடும்பம் எப்படிப் பதறும்! வெளியுலகத்தைத் தொடும் வேலையை, இரண்டு முறை செய்தாலும் ஒரு முறை செய்த பலனே தரும்படி அமைக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாள எண் கொடுத்து, 'இது ஏற்கெனவே போயிற்றா' என்று பார்த்துவிட்டு அனுப்பினால் போதும்.

மறுபடி செய்யும்போது முதல் முறை வந்த வரிசையே வரும் என்றும் நம்பக் கூடாது. ஸ்பார்க்கிலேயே இப்படி ஒரு குறை இருந்தது. ரெக்கார்டுகளைச் சீட்டுப் போடுவது போல ஒன்று இங்கே, ஒன்று அங்கே என்று பங்கிடும்போது நடுவில் ஒரு மேசை விழுந்து, மறுபடி செய்கையில் வரிசை மாறினால், சில ரெக்கார்டு இரண்டு முறை வரும், சில காணாமல் போகும். 2018-ல் வந்த 2.3 பதிப்பில், பங்கிடுவதற்கு முன் வரிசைப்படுத்திவிடும்படி செய்து சரிபார்த்தார்கள். உலகமே பயன்படுத்தும் மென்பொருளுக்கே இந்தக் கதி.

கடைசியாக நேரம். பல இயந்திரங்கள், பல கடிகாரங்கள். எது முன், எது பின் என்பதைக் கடிகாரத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது என்று லெஸ்லி லாம்போர்ட் 1978-லேயே கட்டுரை எழுதிவிட்டார். அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் நேரம் உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னால். இயந்திரம் பொது நேரப்படி நாளைப் பிரித்தால், நம் நள்ளிரவிலிருந்து அதிகாலை ஐந்தரை வரை நடந்ததெல்லாம் முந்தின நாள் கணக்கில் விழும். மாதக் கடைசியில் அது முந்தின மாதக் கணக்கு. கோயம்பேட்டுக் காய்கறி வியாபாரம் நடுராத்திரியில்தான் சூடு பிடிக்கிறது என்பதை மறக்காதீர்கள்!

காணாமல் போனவர்கள்

இதெல்லாம் யாருக்கு நஷ்டம்? நான் அருகிலிருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு நிறுவனம், பெயர் வேண்டாம். வாடிக்கையாளர்களிடம் கூடுதலாக வசூலித்த தொகையைத் திருப்பித் தர வேண்டும். ஒரு பட்டியலில் வசூல், இன்னொன்றில் முகவரி. கணக்கு எண்ணை வைத்து இரண்டையும் இணைத்தார்கள். வேலை ஒரு பிழையும் இல்லாமல் முடிந்தது. பணமும் போயிற்று. பல வாரம் கழித்து ஒரு பெரியவர் கையால் எழுதின கடிதம் வந்தது. "பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்திருக்கிறது, எனக்கு ஏன் வரவில்லை?"

அதை ஆராயும்படி எங்கள் குழுவிடம் கொடுத்தார்கள். பழைய கணக்குகளின் எண்கள் பூஜ்யத்தில் தொடங்கும். ஒரு கோப்பைப் படிக்கும்போது மென்பொருள், "எல்லாம் இலக்கமாக இருக்கிறதே, எண்தான் போல" என்று தானே ஊகித்து, முன்னால் இருந்த பூஜ்யங்களை உதிர்த்துவிட்டது. இன்னொரு கோப்பில் அவை எழுத்தாகவே இருந்தன. ஒன்றோடொன்று பொருந்தவில்லை. இரண்டு பக்கமும் பொருந்துவதை மட்டும் வைத்துக்கொள்ளும் இணைப்பு என்பதால், பொருந்தாதவர்கள் சத்தமில்லாமல் உதிர்ந்தார்கள். உதிர்ந்தவர்கள் யார்? மிகப் பழைய வாடிக்கையாளர்கள். வயதானவர்கள். புகார் எழுதவும் தோன்றாதவர்கள். அந்த ஒருவர் தபால் தலை ஒட்டி அனுப்பியிருக்காவிட்டால், இன்றைக்கும் அந்தப் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

இதைப் பிடிக்கப் பெரிய அறிவு ஒன்றும் வேண்டியதில்லை. உள்ளே வந்தது எத்தனை, வெளியே போனது எத்தனை, நடுவில் நின்றது எத்தனை என்று மூன்று எண். முகாமில் ஒவ்வொரு கட்டின் மேலும் 'தாள்கள் இத்தனை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்களே, அது வெறும் சம்பிரதாயமா? கட்டு திரும்பும்போது ஒரு தாள் குறைந்தாலும் யாரும் அறையை விட்டுப் போக முடியாது. நம் பேராசிரியர்கள் பேனாவும் தாளும் வைத்துச் செய்யும் அந்தக் காரியத்தைக் கோடி ரூபாய் இயந்திரம் செய்யாமல் விட்டால், அது யார் பொறுப்பு?

தேடும் முறை

இளையவர்களுக்காகத் தேடும் முறையைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று, தடயத்தைக் கலைக்காதீர்கள். தவறு வந்ததும் "மறுபடி ஓட்டிப் பார்க்கலாம்" என்று கை துறுதுறுக்கும். மறுபடி ஓட்டினால் சரியாகப் போய்விடக்கூடும். அப்போது உங்களுக்குக் காரணமும் கிடைக்காது, நிம்மதியும் கிடைக்காது. முதலில் லாகையும் உள்ளீட்டுக் கோப்பையும் பத்திரப்படுத்துங்கள்.

இரண்டு, முதல் பிழையைத் தேடுங்கள். ஓர் இயந்திரம் விழுந்தால் அதை நம்பியிருந்த ஐம்பது இயந்திரமும் கூச்சல் போடும். லாகின் கடைசியில் தெரிவது அந்த ஐம்பதின் கூச்சல். விழுந்தது யார் என்பது மேலே, வெகு மேலே இருக்கும்.

மூன்று, சரக்கைச் சுருக்குங்கள். கோடி வரியில் தவறு வந்தால் பாதியாக வெட்டி ஓட்டுங்கள். வருகிறதா? அதையும் பாதியாக்குங்கள். ஒரு கோடி வரியை இருபத்து நாலு முறை பாதியாக்கினால் ஒரே வரியில் வந்து நிற்பீர்கள். அந்த வரியை வைத்துக்கொண்டு உங்கள் சொந்த லேப்டாப்பில், ஒரே இயந்திரத்தில் ஆற அமரப் பாருங்கள். மேப்ரெட்யூஸ் எழுதியவர்களே எல்லா வேலையையும் ஒரே இயந்திரத்தில் வரிசையாக ஓட்டிப் பார்க்க ஒரு தனி ஏற்பாடு வைத்திருந்தார்கள். அங்கே வராமல் கூட்டத்தில் மட்டும் வந்தால், ஹாஷ், வரிசை, மறுமுயற்சி, கடிகாரம் இந்த நாலு பேரில் ஒருவர்தான் பெரும்பாலும் குற்றவாளி.

நான்கு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நினைவகத்தைக் கூட்டி, பதிப்பை மாற்றி, வடிகட்டியையும் திருத்தி ஓட்டினால், சரியாகப் போனாலும் எதனால் போயிற்று என்று தெரியாது. தெரியாமல் போனது தெரியாமலே திரும்பி வரும்.

ஐந்து, எழுதி வையுங்கள். என்ன நினைத்தேன், என்ன செய்தேன், என்ன வந்தது என்று மூன்று பத்தி. நம் ஆய்வகத்தில் ரெக்கார்டு நோட்டு எழுதச் சொல்லி உயிரை எடுத்தார்களே, அது இதற்குத்தான். அன்றைக்கு முணுமுணுத்த நாங்கள் எல்லோரும் இன்று அதே நோட்டை வேறு பெயரில் எழுதிக்கொண்டிருக்கிறோம். பேராசிரியர்கள் சிரித்துக்கொள்ளலாம்!

ஆறு, கணக்கு முடிந்ததும் இரண்டு, மூன்று ஆட்களை எடுத்துக் கையால் போட்டுப் பாருங்கள். வேண்டுமென்றே மூலையில் இருப்பவராகப் பார்த்து எடுங்கள். பூஜ்யத்தில் தொடங்குகிறவர், தொலைபேசி எண் இல்லாதவர், ஒற்றை எழுத்துப் பெயர்க்காரர், நள்ளிரவுக்கு மேல் வியாபாரம் செய்கிறவர். நடுவில் இருப்பவர்களுக்கு எல்லா புரோகிராமும் சரியாகத்தான் ஓடும்.

தம்பி தங்கைகளே, கருவிகளின் பெயர் மாறிக்கொண்டே இருக்கும். நீங்கள் வேலைக்குப் போகும்போது ஸ்பார்க்கின் இடத்தில் வேறொன்று இருக்கலாம். புரோகிராமை எழுதித் தரவே கணிப்பொறி வந்துவிட்டது. அது எழுதினாலும், நீங்கள் எழுதினாலும், கட்டில் எத்தனை தாள் என்று எண்ணிக் கையெழுத்துப் போட ஓர் ஆள் வேண்டும். திரையில் ஒரு வரியாகத் தெரிவது எங்கோ ஒரு வீட்டில் ஒரு மனிதர். அவர் உங்களுக்குக் கடிதம் எழுதும் வரை காத்திருக்காதீர்கள்.